அம்மாவின் போனில் சத்தமே வருவதில்லை

1.

அப்பா வலது இயர்பட்டை எடுத்துத் தன் காதில் வைத்துவிட்டார். அந்த நேரம் பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது. இத்தனை நாளில் நடந்ததும் இல்லை.

"அப்பா, அதுல ஒரே அழுக்கு. இருங்க, தொடச்சுத் தரேன்" என்று கையை நீட்டினாள் அவள்.

அப்பா தலையை விலக்கிக்கொண்டார். "தொடைக்க எனக்குத் தெரியாதா? நீ பாட்டைப் போடு."

போட்டாள். போன் திரையில் பாட்டு ஓடியது. பாத்ரூம் கதவுக்குப் பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு, அவள் விரலே படாமல், திரையில் பாட்டு நின்றது. அப்பாவின் முகம் அப்படியே நின்றது.

இங்கே நிறுத்துகிறேன். எனக்கு மூச்சு வாங்குகிறது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 'அவள்' நான்தான். 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே அழுகை வந்து எழுத்து நனைகிறது. 'அவள்' என்று போட்டால் கொஞ்சம் தள்ளி நிற்க முடிகிறது, பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் இடுக்கில் பார்ப்பது போல. அதனால் இனிமேல் அவள்தான். தாங்க முடியாத இடங்களில் மட்டும் நான் வந்து போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

எழுதிப் பார்த்துக் கைவிட்ட ஆரம்பங்களை அடிக்காமல் விட்டுவைக்கிறேன். எதையும் ஒளிக்கவில்லை என்று நீங்கள் நம்ப வேண்டும்.

அன்று மாலை வானம் சாம்பல் நிறத்தில் (வேண்டாம். அவள் அறை ஜன்னலில் வானமே தெரியாது. எதிர் வீட்டு ஏசி பெட்டிதான் தெரியும், அதன் மேல் காய்ந்துபோன ஒரு சாக்ஸ்.)

ஒரு குடும்பம் உடைவதற்குப் பெரிய காரணங்கள் எதுவும் (பள்ளிக்கூட விழாவில் பேசுவது மாதிரி இருக்கிறது.)

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் (இருக்கிறான். 'இருந்தான்' என்றால் செத்துப்போனவன் போல ஆகிவிடுகிறது. அப்பா அப்படித்தான் பேசுகிறார். நானும் சேர்ந்து பேச வேண்டாம்.)

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அப்பா ஒரு குளிர்சாதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மதியம் போனால் ராத்திரிதான் வருவார். வந்ததும் உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்குவார். வெயில் காலத்திலும் அந்தக் கை சில்லென்றுதான் இருக்கும். அம்மா வீட்டிலேயே ஒரு மெஷினை வைத்துத் துணி தைக்கிறாள். அண்ணன் ஒரு கடையில் வேலை பார்த்தான். அவள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

ஒருநாள் அம்மா, தையல் கடையில் ஆள் கேட்கிறார்கள், போகட்டுமா என்றாள். அப்பா வேண்டாம் என்றார். அம்மா இன்னொரு தடவை கேட்டாள். அப்பாவின் கை மேலே போனது. கை மேலே போவது புதிதில்லை. ஆனால் அந்தத் தடவை அண்ணன் எழுந்து வந்து அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்தான். அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

"என் கையைப் பிடிச்சவன் இந்த வீட்ல இருக்கக் கூடாது. அவன் பேச்சும் இருக்கக் கூடாது" என்றார் அப்பா.

அண்ணன் அன்றைக்கே போய்விட்டான். அப்பா அவனுடைய சாமான்களையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டார். இயர்பட் டப்பியும் அதில் விழப் போனபோது அவள், "அது என்னோடதுப்பா" என்றாள். அப்பா நம்பிக் கொடுத்தார்.*

(* பொய். அண்ணனுடையதுதான். அவனுடைய ஒரு சாமானாவது சாக்குக்கு வெளியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்தச் சாக்கிலிருந்து அம்மாவும் ஒன்றை எடுத்து ஒளித்திருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.)

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அப்பாவின் கை மேலே போனதே இல்லை. அப்பா சிரித்ததும் இல்லை.

3.

இயர்பட்டில் பிரச்சினை ஆரம்பித்தது பரீட்சை நேரத்தில். பாட்டுக் கேட்டால் நடுவில் நிற்கும். சிநேகிதியோடு பேசினால் நடுவில் அறுந்துபோகும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சிநேகிதிக்குக் கண் பெரிது என்பதால் வகுப்பில் அவள் பெயர் முட்டைக்கண்ணி. இந்தக் கதையிலும் அதுவே இருக்கட்டும்.

"ஹலோ... ஹலோ... உயிரோட இருக்கியா?"

"கட் ஆயிடுச்சுடி."

"நான் முக்கியமா ஏதாவது சொல்லும்போது மட்டும் கரெக்டா கட் ஆகுது பாரு. அந்த சாமானுக்குக்கூட என் பேச்சு பிடிக்கல."

"போடி லூசு. என்ன பண்றதுன்னு சொல்லு."

முட்டைக்கண்ணிக்குத் தெரியாத வைத்தியம் இல்லை. டப்பியில் வைத்து மூடித் திற என்றாள். டப்பியின் பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்து என்றாள். போனை அணைத்துப் போடு, சாஃப்ட்வேரைப் புதுப்பி, போனை எந்தப் பாக்கெட்டில் வைக்கிறாயோ அதே பக்கத்துக் காதில் மாட்டு என்றாள். நம் உடம்பு முழுக்கத் தண்ணீராம், அது ப்ளூடூத்தைத் தடுக்குமாம். "நீ வேற அழுமூஞ்சி, உனக்குத் தண்ணி ஜாஸ்தி" என்றாள். வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உட்காராதே என்றாள். அவள் எல்லாம் செய்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவும் பார்த்தார். லீவு நாளில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பனியன் நுனியைக் குச்சியில் சுற்றி, அந்தச் சின்னப் பித்தளைப் புள்ளிகளைத் துடைத்தார். "கடலை சைஸ் இருக்கு, இதுக்கு இவ்ளோ அலப்பறை. தண்ணி கிண்ணி பட்டுச்சா?" என்றார். இரண்டு டன் சரக்கைத் தூக்கி அலமாரியில் நூல் பிடித்த மாதிரி வைக்கிற கை, அந்தக் கடலையை வைத்துக்கொண்டு நடுங்கியது. அன்று முழுக்க ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. "பாத்தியா? கை பட்டதும் சரியாயிடுச்சு" என்றார்.

(இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இதைப் படித்தால் உங்களுக்கு அப்பாவைப் பிடித்துவிடும். பிடிக்கட்டும். எனக்கும் பிடிக்கும். அதுதான் தொல்லை.)

அவர் வேலைக்குப் போன மறுநாள் மாலை மறுபடியும் அறுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா இருக்கும் நாளில் அறுவதில்லை. இன்னொன்றும் உறைத்தது. அறுகிற ஒவ்வொரு தடவையும் பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அடியேய், குழாய் திறந்தா ப்ளூடூத் கட் ஆகுது" என்றாள் முட்டைக்கண்ணியிடம்.

"அதான் சொன்னேனே, தண்ணி!" என்றாள் அந்த விஞ்ஞானி.

4.

அன்று அவள் வேதியியல் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். காதில் பாட்டு மெலிதாக ஓடியது. குழாய் திறந்தது, பாட்டு நின்றது. சலிப்போடு கையைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"அம்மா, தூங்கிட்டியா?"

காதுக்குள் பட்டாசு வெடித்த மாதிரி, அவ்வளவு சத்தமாக, அண்ணன்.

இரண்டையும் பிடுங்கி எறிந்தாள். அவை கட்டிலுக்கு அடியில் உருண்டன. அங்கிருந்து ஈ அளவுக்கு ஒரு குரல் பேசிக்கொண்டே இருந்தது. அவள் தரையில் படுத்துக் கையை விட்டு ஒன்றை எடுத்து மறுபடி மாட்டினாள்.

"...சாப்பிட்டேன்மா. இங்க ஒரே ரூம்ல நாலு பேரு. ஒருத்தன் விடற குறட்டையைக் கேட்டா நம்ம அப்பாவே தேவலன்னு தோணும். சிரிச்சுட்டியா? சரி. பாப்பாகிட்ட சொல்லாத, அவ வாய் தங்காது. வச்சுடறேன்."

குழாய் நின்றது. பாட்டு, விட்ட இடத்திலிருந்து தானாக ஆரம்பித்தது. அம்மா முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.

இதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் புதுப் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விரிசல் விட்ட பழைய போன் சாக்கில் கிடந்தது. அம்மா ஒளித்தது அதைத்தான். மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் அணைத்து வைத்திருக்கிறாள். அப்பா இல்லாத நேரத்தில் அதை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, போனை உயிர்ப்பிக்கிறாள். இயர்பட் அண்ணனுடையது. இரண்டு போனோடு ஒரே நேரத்தில் உறவு வைத்துக்கொள்ளும் சாதி அது. பழைய போன் கண்விழித்ததும் ஓடிப்போய் அதோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் போன் கடைசியாகப் பேச ஆரம்பிக்கிறதோ, சத்தத்தை அதற்குக் கொடுத்துவிடும்.

ஆக, அம்மா பாத்ரூமில் அண்ணன் பேசிப் பதிந்து அனுப்பிய குரலை ஓடவிடுகிறாள். அது அவள் போனில் கேட்பதில்லை. மகள் காதில் கேட்கிறது. அம்மா சத்தம் வரவில்லையே என்று பொத்தானை ஏற்றிக்கொண்டே போகிறாள். மகள் காது கிழிகிறது.

5.

எழுதுகிறவளுக்கு ஒரு சந்தேகம். இந்த அம்மா பாத்திரத்தை யாராவது நம்புவார்களா?

நீங்கள் கேட்கப்போவது தெரியும். குரல் வரவில்லை என்றால் எழுதிக் கேட்கலாமே? அம்மாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆனால் போனில் தமிழில் எழுத அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருகிறேன் என்று சொன்னவன் போய்விட்டான். கூப்பிட்டுப் பேசலாமே? அந்த நேரத்தில் அவன் வேலையில் இருப்பான், போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்களாம். அவன் ஒழிகிற நேரத்தில் அப்பா வீட்டில் இருப்பார். மகளிடமே சொல்லியிருக்கலாமே? "அவ வாய் தங்காது" என்று அண்ணன் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். பழைய நியாயம் ஒன்று அவன் பக்கம் இருக்கிறது, அதை இங்கே கிளற வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நம்ப முடியாதது இதுதான். அம்மா அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறாள். மகள் காதில் இயர்பட் இருக்கிறதா என்று வாசலில் நின்று பார்ப்பாள். முடி மறைத்திருந்தால், ரொம்ப மெல்லிய குரலில், "பாப்பா" என்று கூப்பிடுவாள். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை, "பாப்பா." அப்போதும் திரும்பாவிட்டால், காது அடைத்திருக்கிறது, இனி இவளுக்கு எதுவும் கேட்காது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு பாத்ரூமுக்குப் போவாள்.

மகளுக்குக் கேட்கக் கூடாது என்று அம்மா அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததால்தான் மகளுக்கு மட்டும் கேட்டது. அவள் காதில் இயர்பட் இல்லாத ஒரே ஒரு மாலையில் அம்மா போயிருந்தால் போதும், குரல் அம்மாவுக்கே கேட்டிருக்கும்.

(இனி வருவது 'நான்' வர வேண்டிய இடம்.)

இது தெரிந்த பிறகும் நான் இயர்பட்டைக் கழற்றி வைக்கவில்லை. பாட்டு ஓடாத நேரத்திலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, முடியை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டு, "பாப்பா" என்று அம்மா கூப்பிடும்போது கல்லு மாதிரி இருந்தேன். அவன் குரல் அப்படியே காதுக்குள் வரும், எச்சில் விழுங்குகிற சத்தம்கூட. அவன் போன பிறகு அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அது அம்மாவுக்கு வந்தது, நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

6.

மறுபடியும் அவள்.

ஒரு மாலை அண்ணனின் குரலில் குழப்பம் இருந்தது.

"அம்மா, நீ அனுப்பினதைக் கேட்டேன். உன் சத்தமே இல்லம்மா. பாப்பா அமிலம், காரம்னு ஒப்பிச்சுட்டு இருக்கா. நடுவுல யாரையோ 'போடி லூசு'ங்கறா." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "திரும்பத் திரும்ப அதையேதான் அனுப்பற. முதல்ல எனக்குப் புரியல. ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன். இப்பப் புரிஞ்சுடுச்சும்மா. இவ படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்ற. வாய் விட்டுச் சொல்ல முடியாம இப்படிச் சொல்ற. அதானே?"

இயர்பட்டில் காது மட்டும் இல்லை, வாயும் இருக்கிறது. அம்மா பாத்ரூமில் போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். போனோ, கடலை சைஸ் மைக்கில் விழுவதைப் பதிந்து அனுப்புகிறது. அது மகளின் காதில் இருக்கிறது. அதனால் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் வேதியியல்.

அம்மா அங்கே என்னதான் சொன்னாளோ. சத்தம் வரலப்பா என்றாளா, நல்லா இருக்கியா என்றாளா, வந்துடு என்றாளா, வராதே என்றாளா? யாருக்கும் தெரியாது. பக்கெட்டுக்குத்தான் தெரியும்.

7.

"ஏன் பாப்பா, ஒரு போன்ல சத்தமே வரலன்னா என்ன அர்த்தம்?"

அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள், தலையைத் தூக்காமல்.

"யார் போன்?"

"பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க."

"எந்தச் சத்தம் வரல? ரிங்கா, பேசறதா?"

"பேசி அனுப்பறாங்க இல்ல, அது. மத்ததெல்லாம்... மத்ததெல்லாம் அவங்க போட்டுப் பாக்கல."

மெஷின் நின்றது. ஊசியில் நூல் அறுந்திருந்தது. அம்மா நூல் நுனியை நாக்கில் நனைத்துக் கோத்தாள். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ப்ளூடூத் படத்தைத் தொட்டு அணைத்துவிடும்மா என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு விரல் வேலை. ஆனால் சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று அம்மா கேட்பாள்.

"ஸ்பீக்கர் போயிருக்கும்மா. பழைய போனா இருந்தா அவ்வளவுதான்."

"பழைய போனுன்னு நான் சொல்லலியே."

"பொதுவா சொன்னேன்."

அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெஷினை மிதித்தாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா வெளியே போய்விட்டு வந்து பையைக்கூட வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த அக்காவோட போனை ரிப்பேர் கடையில காட்டினேன். அவன் பாட்டைப் போட்டான் பாரு, கடையே அதிருது. 'ஏம்மா, போன் நல்லாத்தான் இருக்கு, மொதல்ல காது டாக்டரைப் பாருங்க'ங்கறான். நின்னவனெல்லாம் சிரிக்கறான்."

"நீ திருப்பிக் கேக்கறதுதானே?"

"என்னத்தக் கேக்கறது. அங்க கேக்குது. வீட்டுக்கு வந்து போட்டா கேக்கல. அப்ப யார் மேல கோளாறு?" அம்மா வலது காதைச் சுண்டுவிரலால் குடைந்தாள். "எனக்குத்தான் காது போயிடுச்சு போல, பாப்பா. சில குரல் மட்டும் கேக்காமப் போகுமாமே. அப்படி உண்டா?"*

(* வரும் வழியிலேயே போட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்தத் தெருவில் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா அந்த வழியில் தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள்.)

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அவள். அது மட்டும் உண்மை.

8.

நேற்று வந்தது இது. திக்கித் திக்கி, நடுவில் லாரி ஹார்ன் சத்தத்தோடு.

"அம்மா, தூங்கிட்டியா? ஒரு வீடு பாத்திருக்கேன். ரெண்டு ரூம். பாப்பாவுக்கு ஜன்னல் பக்கம் மேஜை போட்டாச்சு, பரீட்சையை இங்கேருந்தே எழுதட்டும். உனக்கு மெஷின் போட இடம் இருக்கு. வீட்டுக்காரம்மா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு கேக்கறாங்க. அன்னிக்குக் காலைல பஸ் ஸ்டாண்டு பின்வாசல்ல நிக்கறேன். எதுவும் எடுத்துட்டு வராத. வந்தா வா. வரலன்னா... இனிமே அனுப்பலம்மா. நான் அனுப்ப அனுப்ப உனக்கும் கஷ்டம்தான்."

அம்மா இதை நான்கைந்து தடவை ஓடவிட்டாள். ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள். மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். வெளியே வந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. அவளைப் பொறுத்தவரை இன்னொரு தடவை அவன் பேசாமல் இருந்துவிட்டான், அவ்வளவுதான்.

நாளைக்கு ஞாயிறு.

9.

இப்போது முதல் காட்சிக்குத் திரும்பி வரலாம். இன்று கிடங்கில் மெஷின் ஏதோ நின்றுபோய், அப்பாவைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். செருப்பைக் கழற்றும்போதே உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, "என்ன, உன் கடலை இப்பவாவது ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டபடி அவள் அறைக்குள் வந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டாள். வாசல் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. குழாய்.

பாட்டு நின்றது என்று சொன்னேன் அல்லவா. அதற்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான். அப்பா காதில் கை வைத்தார். சத்தம் அதிகமானால் வைப்போமே, அப்படி. அவர் கண் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தது, ஆனால் பார்க்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இப்போது வீடு, இப்போது மேஜை, இப்போது பஸ் ஸ்டாண்டு என்று மனசுக்குள் கூடவே ஓடினாள். ஒருவேளை வேறு பழைய செய்தியாக இருக்கலாம். குறட்டை ஜோக்காகக்கூட இருக்கலாம். இடது பக்கம் டப்பிக்குள் இருந்ததால் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. இத்தனை நாளும் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டவளுக்கு, கேட்டே ஆக வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

குழாய் நின்றது.

அப்பா இயர்பட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், ஏதோ பூச்சியைப் பார்ப்பது போல.

"என்னப்பா... கட் ஆச்சா?"

"இல்லியே. நல்லாத்தான் கேக்குது."

"பாட்டா?"

"வேற என்ன?" என்றார். ஆனால் திரையில் பாட்டு அப்போதுதான் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. "இது இன்னிக்கு என்கிட்டயே இருக்கட்டும். ராத்திரி பாத்துச் சரி பண்ணித் தரேன்."

பாத்ரூமிலிருந்து வந்த அம்மா அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டு, புடவை முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகினாள். "சீக்கிரமே வந்துட்டீங்க?"

"ம். சாப்பாடு போடு."

சாப்பிடும்போது அப்பா, அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "நல்லா இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

10.

இனி முடிவு. பல முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள், "உனக்கு எத்தனை நாளா தெரியும்?" அதற்கு மேல் எழுத வரவில்லை.

இன்னொன்றில் அவள் அம்மாவின் இடுப்பிலிருந்து போனை எடுத்து ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலப் படுத்துவிடுகிறாள். அம்மா ஆசை தீர அண்ணனைக் கேட்கிறாள். விடிந்ததும் இரண்டு பேரும் கைவீசிக்கொண்டு பின்வாசலுக்குப் போகிறார்கள். அங்கே அப்பா நிற்கிறார். (அடித்துவிட்டேன்.) அங்கே அப்பா இல்லை, வீட்டில் தனியாக உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். (அதையும் அடித்துவிட்டேன். இது எனக்கு முன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.)

மூன்றாவதில் அப்பா அழுகிறார். மகனின் குரலைக் கேட்டு மனசு கரைந்து, மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு (உங்களுக்கு இது பிடிக்கும் என்று தெரியும். எனக்கும்தான். அதனால்தான் இதை நம்பவில்லை.)

நான்காவது, அப்பா எழுந்து போய் பாத்ரூம் கதவை

இல்லை.

முடிவு என்று எதுவும் இல்லாததால், இப்போது என்ன நடக்கிறதோ அதை மட்டும் எழுதுகிறேன். இனி 'அவள்' வேண்டாம். அவளும் களைத்துப்போய்விட்டாள்.

விளக்கெல்லாம் அணைத்தாயிற்று, என் மேஜை விளக்கைத் தவிர. பாதி திறந்த கதவு வழியாக ஹால் தெரிகிறது. அப்பா சோபாவில் மல்லாந்து படுத்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. டப்பி அவர் மார்பின் மேல் இருக்கிறது. வலது காதில் இயர்பட் இருக்கிறது. குறட்டை வரவில்லை. அப்பா தூங்கினால் குறட்டை வராமல் இருக்காது.

அவர் வீட்டில் இருக்கும்போது அம்மா அந்தப் போனைத் தொட்டதே இல்லை. ஆனால் விடிந்தால் ஞாயிறு. அண்ணன் கெடு வைத்தது அம்மாவுக்குத் தெரியாது, அவளுக்கு எதுவுமே கேட்கவில்லையே. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மகன் ஏதோ சொல்லியிருக்கிறான், தன் காது அதை வாங்கவில்லை என்பதுதான். சற்று முன்பு டிராயர் சத்தம் கேட்டது. இப்போது அம்மா என் அறை வாசலில் நிற்கிறாள். என் முதுகில் தெரிகிறது. முடி என் காதை மறைத்திருக்கிறது. இன்றைக்கு அதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

"பாப்பா" என்கிறாள், ரொம்ப மெல்ல.

'என்னம்மா' என்று திரும்பினால் போதும். அம்மா போனை மறைத்துக்கொண்டு படுக்கப் போய்விடுவாள். ஞாயிறும் போய்விடும். திரும்பாவிட்டால் பாத்ரூமுக்குப் போவாள், குழாயைத் திறப்பாள், "அம்மா, தூங்கிட்டியா?" என்று அண்ணன் ஹாலில் படுத்திருப்பவர் காதுக்குள் கேட்பான்.

நான் இந்த வரியை எழுதிக்கொண்டே ஹாலைப் பார்க்கிறேன். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் கை மெல்ல மேலே போகிறது. பெரிய கை, சில்லென்ற கை. காதில் இருப்பதை ஒரு விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொள்கிறார், விழுந்துவிடாமல்.

"பாப்பா" என்கிறாள் அம்மா, இரண்டாவது தடவை.

அப்பா எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்?